திருடியது ஒரு சேலை... பிடித்தவர் மேல் நாலு வழக்கு!

*கடையில் கைவரிசை காட்டுபவரை ஊழியரும் பொதுமக்களும் சட்டப்படி என்ன செய்யலாம்?*

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. தி.நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லை. 'நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று போலீஸ் ஒலிபெருக்கி ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது. கண்காணிப்புக் கோபுரத்தில் நிற்கும் காவலரின் பார்வை கூட்டத்தின் மேல்.

அந்தக் கூட்டத்திலிருந்து பத்தடி தள்ளி, ஒரு துணிக்கடையின் வாசலில் 'பீப்... பீப்...' என்று சத்தம். கட்டைப்பையோடு வெளியேறிய ஐம்பது வயதுப் பெண்மணியின் மணிக்கட்டை செக்யூரிட்டி பிடித்துவிட்டார். சூப்பர்வைசர் ஓடி வருகிறார். "உள்ளே வாம்மா, பேசிக்கலாம்." மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டிகள் அடுக்கிய ஸ்டாக் ரூம். கதவு சாத்தப்படுகிறது. இரண்டு விற்பனைப் பெண்கள் உடம்பைத் தடவிச் சோதிக்கிறார்கள். பையின் அடியில் பில் போடாத சேலை ஒன்று; விலைச்சீட்டில் 1,850 ரூபாய். பளார் என்று ஓர் அறை. 'நான்தான் திருடினேன்' என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்குகிறார்கள். "பத்து மடங்கு கட்டு. இல்லேன்னா உன் வீடியோ ஊருக்கே போகும்." கணவருக்கு போன் பறக்கிறது. பணம் கட்டியும் பயனில்லை. ராத்திரி பத்து மணிக்குள் அந்த வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது.

எந்தக் கடை என்று தேட வேண்டாம். பண்டிகைக் காலத்தில் ஊருக்கு ஊர் நடப்பதைக் கோத்துச் சொன்ன காட்சி இது. இதில் அந்தப் பெண்மணி செய்த குற்றம் ஒன்று. கடைக்காரர்கள் செய்தவை நாலுக்குக் குறையாது. தண்டனையும் அவர்களுக்குத்தான் அதிகம்!

5,000 ரூபாய்க்கு இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 379-ஆவது பிரிவின் இடத்தில் இப்போது 303. திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை என்பது மாறவில்லை. இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு கடுங்காவல் என்பது புதிது. இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பல கடைக்காரர்களின் காதுக்கு அது இன்னும் எட்டவில்லை.

திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, திருடியவருக்கு அதுவே முதல் தண்டனையாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை மட்டும்தான். சிறை கிடையாது. அதோடு, 5,000-க்குக் குறைந்த திருட்டைப் பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத, ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை வகைப்படுத்துகிறது. நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் போலீஸே விசாரணையில் இறங்க முடியாது. புகாரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, நீதிமன்றத்துக்குப் போகச் சொல்ல வேண்டியதுதான்.

ஷாம்பு பாட்டில், சாக்லேட், உள்ளாடை, குழந்தைக்கு ஒரு ஃபிராக், மிஞ்சினால் ஒரு சேலை... கடைகளில் காணாமல் போகிறவற்றில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். போலீஸுக்கே கைது அதிகாரம் இல்லாத குற்றத்துக்கு, வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வரும்?

பொதுஜனம் கைது செய்யலாமா?

செய்யலாம், சில குற்றங்களுக்கு. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவு, சாதாரணக் குடிமகனுக்கும் கைது செய்யும் அதிகாரத்தைத் தருகிறது. ஆனால், குற்றம் அவர் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும். அது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதாகவும், ஜாமீனில் விட முடியாததாகவும் இருக்க வேண்டும். பிடித்தவரைத் தேவையில்லாமல் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். பழைய சட்டத்தில் இந்த 6 மணி நேரக் கணக்கு இல்லை.

'பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்', 'போன வாரமும் இந்தம்மாதான் வந்துச்சு' என்பதெல்லாம் முன்னிலையில் நடந்ததாகாது. தனியார் செக்யூரிட்டி போட்டிருக்கும் சீருடையும் எதையும் கூட்டித் தருவதில்லை. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் அவருடைய நிறுவனத்துக்கு உரிமம் கேட்கிறது, அவருக்குப் பயிற்சி கேட்கிறது; போலீஸ் அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை. துணி வாங்க வந்த உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே அதிகாரம்தான் அவருக்கும்.

நகைக்கடையில் நாலு பவுன் சங்கிலியை எடுத்துக்கொண்டு கவரிங்கை வைத்துவிட்டு நழுவுகிறவரைப் பார்த்தால் பிடிக்கலாம். விற்பனையாளர் கையிலிருந்து செல்போனை வெடுக்கென்று பறித்து ஓடுகிறவரையும் பிடிக்கலாம். அது பறிப்பு, நியாய சன்ஹிதாவின் 304-ஆவது பிரிவு, அதற்கு 5,000 ரூபாய் வரம்பு இல்லை. பொருளோடு தப்பிப்பதற்காகக் கத்தியைக் காட்டினாலோ, ஊழியரைத் தாக்கினாலோ, திருட்டு கொள்ளையாகிவிடும்; 10 ஆண்டு வரை தண்டனை. அங்கேயும் பிடிக்கும் உரிமை உண்டுதான். ஆனால் கத்தி வைத்திருப்பவனை நோக்கி, மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பையனை முதலாளி விரட்டிவிடுவது உரிமையல்ல, அநியாயம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. குடியிருக்கவோ பொருளைப் பாதுகாக்கவோ பயன்படும் கட்டடத்துக்குள் திருடினால், 305-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை தண்டனை. ஜாமீனில் விட முடியாத குற்றம். கடைத் திருட்டையும் இதில் சேர்க்கலாம் என்று போலீஸ் நினைத்தால், 5,000 கணக்கு அடிபட்டுப் போகும். எந்தப் பிரிவு பொருந்தும் என்பதைப் போலீஸும் நீதிமன்றமும் முடிவு செய்யட்டும். பில்லிங் கவுன்ட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு சூப்பர்வைசர் அதை முடிவு செய்வது ஆபத்தான சூதாட்டம்.

■ எந்தத் தப்புக்கு எவ்வளவு? ■

திருட்டு, முதல் முறை, 5,000 ரூபாய்க்குக் குறைவு, பொருள் திரும்பி வந்துவிட்டது: சமூக சேவை.

திருட்டு, முதல் முறை, மற்றபடி: 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஒருவரை நியாயமில்லாமல் அடைத்து வைத்தல்: ஓராண்டு வரை.

ஒப்புதல் வாக்குமூலம் வாங்கவோ பொருளை வரவழைக்கவோ அடைத்து வைத்தல்: 3 ஆண்டு வரை.

அதே நோக்கத்துக்காக அடித்துக் காயப்படுத்துதல்: 7 ஆண்டு வரை.

மிரட்டிப் பணம் பறித்தல்: 7 ஆண்டு வரை.

அவதூறு: 2 ஆண்டு வரை.

பொருள் கைக்கு வந்தால் உரிமை முடிந்தது

'அப்படியானால் 1,850 ரூபாய்ச் சேலையோடு போகிறவரை வேடிக்கை பார்க்கச் சொல்கிறீர்களா?' என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது.

நியாய சன்ஹிதாவின் 35-ஆவது பிரிவு தற்காப்புரிமை பற்றியது. தன் உடலுக்கு மட்டுமல்ல, பொருளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. தன் பொருள் என்றில்லை, 'பிறர் பொருள்' என்றும் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே கடை ஊழியருக்கும், பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளருக்கும் திருட்டைத் தடுக்கும் உரிமை இருக்கிறது. வாசலில் குறுக்கே நிற்கலாம். பையிலிருக்கும் கடைப் பொருளைத் திரும்ப வாங்கலாம். தேவைப்பட்டால், தேவையான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம். விலை வரம்பு எதுவும் இதற்கு இல்லை.

ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி கூடாது என்கிறது 37-ஆவது பிரிவு. போலீஸை அழைக்க நேரமிருந்தால் இந்த உரிமையே கிடையாது என்றும் அது சொல்கிறது. இந்த உரிமை எதுவரை என்பதை 43-ஆவது பிரிவு வரையறுக்கிறது: திருடியவர் பொருளோடு தப்பிவிடும்வரை, அல்லது போலீஸ் உதவி கிடைக்கும்வரை, அல்லது பொருள் மீட்கப்படும்வரை. சேலை மேசை மேல் வந்து விழுந்த அந்த நொடியில் தற்காப்பு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வோர் அடியும் வெறும் அடிதான். நம் ஊர்ச் செய்தித்தாள்கள் சளைக்காமல் எழுதும் 'தர்ம அடி'க்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி இடம்கூட இல்லை.

ஸ்டாக் ரூமுக்குள் என்ன நடக்கிறது?

கடைகளைப் பெரிய வம்பில் மாட்டிவிடுவது அந்தச் சாத்திய கதவுதான்.

முதலில் உடல் சோதனை. பையைத் திறந்து காட்டும்படி கேட்கலாம். அவர் சம்மதித்தால் பார்க்கலாம். உடம்பில் கை வைக்கக் கூடாது. ஒரு தனிநபர் யாரையாவது சட்டப்படியே கைது செய்திருந்தாலும், சோதனை போடும் அதிகாரம் அவரை ஒப்படைத்துக்கொண்ட காவல் அதிகாரிக்குத்தான் என்று நடைமுறைச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. பெண்ணைச் சோதிப்பதானால் பெண்தான், அதுவும் கண்ணியம் குறையாமல். சேலையை அவிழ்த்துக் காட்டச் சொல்லிப் பலவந்தம் செய்தால் 3 முதல் 7 ஆண்டு வரை உள்ளே போக வேண்டியிருக்கும். 'நாங்களும் பொம்பளைங்கதானே' என்ற சமாதானம் செல்லாது. அந்தப் பிரிவு ஆண், பெண் பார்ப்பதில்லை. டிரையல் ரூமுக்குள் கேமரா வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? அது வேறு ஜாதிக் குற்றம். முதல் முறைக்கே குறைந்தது ஓராண்டு சிறை.

அடுத்து, எழுதி வாங்குவது. மிரட்டி வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாக்காசு. சொல்லப்போனால், அந்தத் தாளே கடைக்கு எதிரான சாட்சி. 'இரண்டு மணி நேரம் அடைத்து வைத்து எழுதி வாங்கினார்கள்' என்று அவர் திருப்பிப் புகார் கொடுத்தால், அதை மெய்ப்பிக்க அவர் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, 'திருடினால் பத்து மடங்கு அபராதம்' என்ற போர்டு. சூப்பர் மார்க்கெட்டுகளில் பார்த்திருப்பீர்கள். அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. பொருளின் விலையைக் கேட்கலாம், பொருளைத் திரும்பக் கேட்கலாம். திருட்டு வழக்கில் பொருளின் சொந்தக்காரர் சமரசமாகப் போகவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் 'கட்டு, இல்லையென்றால் வீடியோவைப் போடுவேன்' என்று சொன்ன மாத்திரத்தில் அது மிரட்டிப் பணம் பறித்தல் என்று வழக்குப் போட இடம் கொடுத்துவிடுகிறது.

வீடியோ விஷயம் இன்னும் மோசம். சிசிடிவி பதிவைப் போலீஸிடம் கொடுப்பது வேறு. 'இந்தப் பெண்ணைப் பார்த்தால் உஷார்' என்று தெருவுக்கே பரப்புவது வேறு. திருடினார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாத ஒருவரின் முகம் அது. கேஷியர் டேக்கைக் கழற்ற மறந்தாலும்தான் வாசலில் 'பீப்' அடிக்கிறது!

■ பிடிபட்டது சிறுவர் என்றால்... ■

7 வயதுக்குட்பட்ட குழந்தை செய்தது குற்றமே அல்ல. 7 முதல் 12 வரை, செய்வது இன்னதென்று புரிந்துகொள்ளும் பக்குவம் இல்லாவிட்டால் குற்றமில்லை. 18 வயது நிரம்பாத எவரும் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ்தான் வருவார்கள். லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறார் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். அவர்களுடைய பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யூனிஃபார்மோடு நிற்க வைத்து எடுத்த படம் இதில் நேராகப் போய் விழும். பெற்றோரை அழையுங்கள், தகராறு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

நஷ்டம் யார் தலையில்?

கடை ஊழியர்கள் இவ்வளவு மூர்க்கமாக நடந்துகொள்வதற்குக் காரணம் கெட்ட குணம் மட்டும் அல்ல. ஸ்டாக் எடுக்கும்போது கணக்கு உதைத்தால், குறைந்த சரக்கின் விலையை அந்தப் பகுதி ஊழியர்களின் சம்பளத்தில் பிரித்துப் பிடிக்கும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. தென் மாவட்டத்திலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கி, நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்த 1,850 ரூபாய் யாரோ முதலாளியின் பணமல்ல. தன் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம். அந்த ஆத்திரம்தான் ஸ்டாக் ரூமில் அறையாக விழுகிறது. கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையே தமிழ்நாட்டில் 2021-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால்தான் கிடைத்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அவர்கள் நிலைமை புரியும்.

இப்படிப் பிடித்தம் செய்வது சட்டப்படி சரியா? பெரும்பாலும் இல்லை. குறிப்பாக ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்த சரக்கு, அவருடைய கவனக்குறைவால் நேரடியாகத் தொலைந்திருந்தால் மட்டுமே பிடிக்கலாம். அதையும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடா சட்டம் சொன்னது இதுதான். 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையேதான் சொல்கிறது. ஆயிரம் பேர் புழங்கும் தளத்தில் எவரோ தூக்கிக்கொண்டு போனதைப் பத்துப் பேரின் தலையில் எழுதுவது இதில் அடங்காது. முதலாளி இந்தப் பழக்கத்தை விட்டாலே, வாசலில் நடக்கிற கைகலப்பில் பாதி குறையும் என்பது என் கணிப்பு.

வேடிக்கை பார்க்கும் கூட்டம்

2018 பிப்ரவரி. கோவைக்கு மேற்கே, கேரள எல்லை தாண்டினால் வரும் அட்டப்பாடி. கடையில் அரிசியும் சாப்பாட்டுச் சாமானும் திருடினார் என்று ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள் போய்ப் பிடித்து, கையைக் கட்டி, அடித்து இழுத்து வந்தார்கள். கட்டிய நிலையில் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். போலீஸிடம் ஒப்படைத்தார்கள்; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல். அவர்கள் தொழில்முறை ரவுடிகள் அல்லர். கடை வைத்திருந்தவர்களும் ஆட்டோ, ஜீப் ஓட்டியவர்களும், 'திருடனைப் பிடிச்சிட்டோம்' என்று நினைத்தவர்களும்தான்.

பக்கத்தில் நிற்பவருக்குச் சட்டம் விதிக்கும் கடமை மிகக் குறைவு. கொலை, கொள்ளை போன்றவை தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சாதாரணத் திருட்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஒருவர் ஷாம்பு பாட்டிலைப் பைக்குள் போடுவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனால் உங்கள் மேல் குற்றமில்லை. ஆனால் ஒரு காவலர் நியாயமான காரணத்தோடு 'பிடிங்க' என்று உதவி கேட்டால், மறுக்கக் கூடாது; மறுத்தால் அது குற்றம். செய்ய வேண்டும் என்று தோன்றினால் சத்தமில்லாமல் ஊழியரிடம் சொல்லுங்கள். பார்த்ததைச் சாட்சியாகச் சொல்லத் தயாராக இருங்கள். கூட்டம் கையை ஓங்கினால் முதலில் 112-க்கு போன் செய்யுங்கள். அந்த நேரத்தில் திருடியவரையும் காப்பாற்றுகிறீர்கள், அடிக்கப் போகிறவரையும் காப்பாற்றுகிறீர்கள்.

சரியாகச் செய்வது எப்படி?

தடுப்பதுதான் முதல் வேலை. சந்தேகப்படும்படி ஒருவர் சுற்றினால் பக்கத்தில் போய், "என்ன சைஸ் பாக்கறீங்கம்மா?" என்று கேட்டாலே பாதிப் பேர் பொருளைத் திரும்ப வைத்துவிடுவார்கள் என்பது பழுத்த விற்பனையாளர்களின் அனுபவம். பில்லிங் கவுன்ட்டரைத் தாண்டும்வரை பொறுங்கள். அதற்கு முன் 'பில் போடத்தான் வந்தேன்' என்றால் உங்களிடம் பதில் இல்லை. எடுத்ததைக் கண்ணால் பார்த்தவர் வாசல்வரை கண் எடுக்காமல் இருந்தால்தான் பேச்சே எடுக்க வேண்டும். பேச்சும் இப்படித் தொடங்கட்டும்: "மேடம், ஒரு அயிட்டத்துக்கு பில் விட்டுப்போச்சு போல, ஒரு நிமிஷம் பாத்துடலாமா?" சந்தேகம் தவறாகப் போனாலும், தக்க கவனத்தோடும் நல்லெண்ணத்தோடும் நடந்தவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தவறாகப் போனால் இந்தப் பேச்சு ஒரு மன்னிப்போடு முடியும். மணிக்கட்டைப் பிடித்திருந்தால் வழக்கில்தான் முடியும்.

பொருள் திரும்பி வந்து, விலையும் 5,000-க்குக் கீழே என்றால், போலீஸ் வரும்வரை இருக்கும்படி கேளுங்கள். இருந்தால் நல்லது, வெளிச்சமான இடத்தில், பலர் பார்க்க, ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். பெண் என்றால் பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்கட்டும். போகிறேன் என்று கிளம்பினால் விட்டுவிடுங்கள். நேரம், பொருள், விலை, பார்த்தவர் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி ஸ்டேஷனில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்து போகும். உடனே பிரதி எடுங்கள். அந்தப் பிரதி நீதிமன்றத்தில் நிற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் கொடுத்த பென்டிரைவ் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் உதவும்.

தவறாகச் சந்தேகப்பட்டு நிறுத்தப்படுகிறவர் நீங்கள் என்றால், ஓட வேண்டாம், கத்தவும் வேண்டாம். பில்லைக் காட்டுங்கள். தனியறைக்கு வர மறுக்கலாம். 'இங்கேயே, கேமரா முன்னாடியே பாருங்க' என்று சொல்லலாம். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போகவிடவில்லை என்றால் நீங்களே 112-ஐ அழையுங்கள். பிறகு, அந்த நேரத்துச் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி கடைக்கு எழுத்தில் கொடுங்கள். நியாயம் கேட்க அதுதான் உங்களுக்குச் சாட்சி.

கடை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தீபாவளி சேலுக்குச் சரக்கு இறக்குவதற்கு முன், ஒரு வக்கீலை வரவழைத்து ஊழியர்களுக்கும் செக்யூரிட்டிகளுக்கும் அரை நாள் வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். 'பத்து மடங்கு அபராதம்' போர்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உங்கள் ஏரியா ஸ்டேஷன் நம்பரை எழுதி வையுங்கள். ஸ்டாக் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம் என்பதை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள்.